மூன்று பேர், ஒரு காடு, கொஞ்சம் பனிமூட்டம்: சின்ன பட்ஜெட் பாராசூட் படத்துக்குப் பின்னால் இருக்கும் போர்

போர்ப் படம் என்றாலே கூட்டம் வேண்டும் என்கிற எண்ணம் நமக்கு ஊறிப்போய்விட்டது. கடற்கரை நிறைய ஆட்கள், வானம் நிறைய விமானங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு பாலம் வெடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு ‘செயின்ட்ஸ் அண்ட் சோல்ஜர்ஸ்: ஏர்போர்ன் க்ரீட்’ என்கிற 2012ஆம் வருடத்துப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும். மூன்று பேர்தானே காட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் படை எங்கே?

காசு இல்லை, அதனால் மூன்று பேரோடு முடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னவென்றால், 1944 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் தெற்கு பிரான்சில் குதித்த அமெரிக்க பாராசூட் வீரர்களில் ஏராளமானோருக்குப் போர் அப்படித்தான் ஆரம்பித்தது. தனியாக இறங்கி, இருட்டில் இன்னொருவனைத் தேடிப்பிடித்து, அவன் வேறு கம்பெனிக்காரனாக (கம்பெனி என்றால் நூறு, நூற்றைம்பது பேர் கொண்ட சின்னப் படைப்பிரிவு) இருந்தாலும் பரவாயில்லை என்று சேர்ந்து நடந்தார்கள். படை எங்கே என்பது பார்வையாளருக்கு வருகிற சந்தேகம் மட்டும் கிடையாது, அன்று காலையில் அந்த மலைச்சரிவுகளில் இருந்த ஒவ்வொருவனும் தனக்குள் கேட்டுக்கொண்டது அதுதான். இந்தப் பின்னணி தெரிந்துவிட்டால் படத்தைப் பார்க்கிற விதமே மாறிவிடுகிறது. அதனால் அதை விளக்கமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சுருக்கமாக. இயக்குநர் ரயன் லிட்டில். இவருடைய முதல் ‘செயின்ட்ஸ் அண்ட் சோல்ஜர்ஸ்’ 2003இல் வந்தது, பெல்ஜியத்தின் ஆர்டென்ஸ் காட்டில் நடக்கிற கதை. அதை 10 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனியில் எடுத்து முடித்தார்கள். பழைய போர்களை அந்தக்கால உடுப்பும் துப்பாக்கியும் போட்டு மறுபடி நடத்திக்காட்டுகிற ஆர்வலர் குழுக்கள் அங்கே நிறைய உண்டு. அவர்கள் சொந்த உடுப்பு, சொந்த ஹெல்மெட், சொந்த ஜீப்போடு வந்து நின்றதால்தான் அந்தச் செலவுக்குள் அந்தப் படம் சாத்தியமானது. ‘ஏர்போர்ன் க்ரீட்’ அதன் கதைத் தொடர்ச்சி கிடையாது, பெயரும் பாணியும்தான் தொடர்ச்சி. இதுவும் யூட்டாவில் எடுத்ததே. 517ஆவது பாராசூட் ரெஜிமென்டை (பல பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு) சேர்ந்த மூன்று பேர் குதித்த இடத்தில் சிதறிப்போய், பிறகு ஒன்று சேர்ந்து, ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடி, ஜெர்மானியர்களிடம் மாட்டிக்கொண்ட பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தவர்களுக்கு உதவப்போகிறார்கள். கதை இவ்வளவுதான்.

சரி, அந்த 517 தெற்கு பிரான்சில் என்ன செய்துகொண்டிருந்தது?

நார்மண்டித் தரையிறக்கம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்து வாரம் கழித்து, பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் நேச நாடுகள் இன்னொரு பெரிய தரையிறக்கத்தை நடத்தின. ஆபரேஷன் டிராகூன் என்று பெயர். செயின்ட் த்ரோப்பே, செயின்ட் ரஃபாயேல் பக்கத்துக் கடற்கரைகளில் மூன்று அமெரிக்க டிவிஷன்கள் (பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பெரும்படைகள்) இறங்கின, அவற்றின் பின்னாலேயே பிரெஞ்சுப் படைகள். கடற்கரையில் இறங்குகிறவர்களுக்கு எப்போதும் ஒரே பயம்தான்: உள்நாட்டிலிருந்து எதிரியின் துணைப்படை சாலைவழியே விரைந்து வந்து, கால் ஊன்றுவதற்குள் கடலில் தள்ளிவிடக் கூடாது. அந்தப் பகுதியில் மலைகள் அதிகம், நல்ல சாலைகள் குறைவு. திராகின்யோனிலிருந்து கடலை நோக்கி வருகிற சாலைகளும், ஆர்ஜான்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகிற சாலையும் ரயில்பாதையும் ‘ல முய்’ என்கிற சின்ன ஊரைச் சுற்றித்தான் போயாக வேண்டும். அதனால் அந்த ஊரைச் சுற்றிப் பாராசூட் படையை இறக்கிவிட்டால் கதவைச் சாத்திய மாதிரி. இதற்காகவே அங்கங்கே கிடைத்த தனிப் பிரிவுகளை ஒட்டுப்போட்டு, ராபர்ட் ஃப்ரெடரிக் என்கிற ஜெனரலின் கீழ் ‘முதல் வான்வழிப் பணிப்படை’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். 517, 509, 551 என்று தனித்தனிப் பிரிவுகள், பிரிட்டனின் 2ஆவது பாராசூட் பிரிகேட், கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) வருகிற ஆட்கள் எல்லாம் சேர்த்து 9,000 பேருக்கு மேல்.

இத்தாலியின் மேற்குக் கரையோர விமானத் தளங்களிலிருந்து ஏறத்தாழ 400 சி-47 விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பின. கடல்மேல் பயணம் ஒழுங்காகத்தான் போனது. கரையைத் தொட்டதும்தான் பிரச்சினை. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. மலையுச்சிகள் மட்டும் அங்கங்கே தலைகாட்டின. முன்னாலேயே இறங்கி ரேடியோ கருவி வைத்து இடத்தை அடையாளம் காட்ட வேண்டிய வழிகாட்டிக் குழுக்களில் அமெரிக்கர்களுடையவை பெரும்பாலும் இடம் மாறி இறங்கியிருந்தன. விமானிகள் கணக்கை நம்பி, குதிக்கச் சொல்கிற பச்சை விளக்கைப் போட்டார்கள். குதித்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே குறித்த இடத்தில் விழுந்தார்கள். 517இன் 3ஆவது பட்டாலியன் (சில கம்பெனிகள் சேர்ந்த பிரிவு) 30, 40 கிலோமீட்டர் தள்ளி, ஃபயான்ஸ், காலியான் பக்கத்து மலைக் கிராமங்களில் சிதறிக் கிடந்தது.

கீழே வெள்ளையாகப் பரந்து கிடந்த பனியைப் பார்த்துக் கடல் என்று நினைத்தவர்கள் உண்டு. நினைத்துப் பாருங்கள், உடம்பில் துப்பாக்கி, தோட்டா, கையெறி குண்டு, மூன்று நாள் சாப்பாடு, இடுப்பில் கத்தி, நெஞ்சில் உபரி பாராசூட் எல்லாம் கட்டியிருக்கிறது, கீழே தண்ணீர் என்று தெரிந்தால் (தெரிந்ததாக நினைத்தால்) முதலில் கை போவது அவற்றைக் கழற்றத்தான். அமெரிக்கர்கள் அன்று போட்டிருந்த டி-5 பாராசூட்டில் ஒரே அமுக்கில் பட்டைகளை விடுவிக்கிற பூட்டு கிடையாது. மூன்று கொக்கிகளைத் தனித்தனியாக விரலால் கழற்ற வேண்டும். பிரிட்டிஷ் பாராசூட்டில் அந்தப் பூட்டு இருந்தது, ஒரு திருகு, ஒரு தட்டு, போதும். நார்மண்டியில் வெள்ளம் தேக்கிவைத்த வயல்களில் விழுந்து, இடுப்பளவுத் தண்ணீரில்கூட அமெரிக்கர்கள் மூழ்கிச் செத்ததற்கு இந்தக் கொக்கிகள் ஒரு காரணம். அதனால் அந்த வெள்ளைப் பரப்பைக் கண்டு பயந்தவனைக் கோழை என்று சொல்ல முடியாது. அவன் விவரம் தெரிந்தவன்.

இப்போது படம் எடுப்பவரின் இடத்தில் நின்று இதே விஷயத்தைப் பாருங்கள். மூடுபனி. இருட்டு. சிதறிப்போன ஆட்கள். கையில் தூக்க முடிந்த ஆயுதம் மட்டும். பீரங்கி இல்லை, டாங்க் இல்லை, ரேடியோ எங்கோ தொலைந்துபோன மூட்டையில். சின்ன பட்ஜெட்காரருக்கு இதைவிட வசதியான போர் கிடைக்காது. பின்னணியில் நவீன மின்கம்பமோ தெரியாத ஊரோ இருந்தால் மற்ற படங்களில் புகை போட்டு மறைப்பார்கள், பார்ப்பவர்களுக்கு அது மறைப்பு என்று தெரிந்துவிடும். டிராகூன் கதையில் அந்தப் புகைதான் வரலாறு. காலாட்படைக் கதையாக இருந்தால் ஒரு கம்பெனியாவது காட்ட வேண்டும், டாங்க் கதையாக இருந்தால் டாங்க் வேண்டும். பாராசூட் கதையில் மட்டும்தான் குதித்த அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் படையே காணாமல் போனாலும் அது பொய்யாகாது. பட்ஜெட்டும் போரும் ஒரே வடிவத்தில் இருப்பது அபூர்வம், இங்கே இருக்கிறது. இந்தப் படத்தின் பலம் எல்லாம் அந்த ஒற்றுமையை நம்பி நிற்கிற இடங்களில் இருக்கிறது, பலவீனம் எல்லாம் அதை விட்டு விலகுகிற இடங்களில்.

ஆனால் ஒரே ஒரு செலவைத் தவிர்க்க முடியாது, அது விமானம். பாராசூட் படம் என்று சொல்லிவிட்டுக் குதிப்பதைக் காட்டாமல் இருக்க முடியாதே. நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் சண்டையைப் பற்றி 1977இல் வந்த ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ என்கிற பெரிய படத்துக்காகப் பல நாடுகளிலிருந்து டகோட்டா (சி-47இன் இன்னொரு பெயர்) விமானங்களைத் தேடிச் சேர்த்து, நிஜ பாராசூட் வீரர்களை நூற்றுக்கணக்கில் குதிக்க வைத்தார்கள், இன்றும் அந்தக் காட்சிக்கு ஈடு இல்லை. சின்னப் படங்கள் போகிற வழி வேறு. விமானத்தின் உட்பகுதியை மட்டும் மரத்திலும் தகரத்திலும் செட்டாகப் போடுவது, அதை ஆட்கள் வெளியே நின்று ஆட்டுவது, ஜன்னல் பக்கம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு வெளியே குண்டு வெடிப்பதாகக் காட்டுவது. வெளியே தெரிகிற விமானக் கூட்டத்துக்கு கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்.

கிராபிக்ஸ் விமானம் கண்ணை உறுத்தத்தான் செய்யும், அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. ஆனால் உட்பகுதிச் செட் விஷயத்தில் கஞ்சத்தனமும் உண்மையும் மறுபடி கை கோத்துக்கொள்கின்றன. சி-47க்குள் இருந்தவனுக்கு வெளியே எதுவும் தெரியாது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இருக்கை, பதினைந்து பதினெட்டுப் பேர், முட்டி முட்டியை இடிக்கிற நெருக்கம், காது அடைக்கிற எஞ்சின் சத்தம், கழற்றி வைத்துவிட்ட கதவு வழியாக அடிக்கிற குளிர்காற்று. சிவப்பு விளக்கு எரிந்ததும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். தலைக்குமேல் நீளமாக ஓடுகிற கம்பியில் ஒவ்வொருவனும் தன் முதுகுப் பையிலிருந்து வருகிற கயிற்றின் கொக்கியை மாட்ட வேண்டும். பிறகு முன்னால் நிற்பவனின் பாராசூட் பையைப் பின்னால் நிற்பவன் தடவிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்தக் கயிறு 15 அடி. குதித்ததும் அது இழுபட்டு முதுகுப் பையைப் பிரித்துவிடும், வீரன் எதையும் இழுக்க வேண்டியதில்லை, இருட்டில் தரையை எதிர்பார்த்துக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொள்வது ஒன்றே அவன் வேலை. இந்தச் சடங்கைப் பொறுமையாக, வரிசையாக, முகங்களைக் காட்டி எடுத்தாலே போதும். பின்னால் நிற்பவனின் விரல் முன்னால் இருப்பவனின் பையில் ஒரு நொடி அதிகம் தங்குவதைக் காட்ட எத்தனை டாலர் ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆனால் சின்னப் படங்கள் பலவும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகின்றன, எப்போது வெளியே போய் கிராபிக்ஸ் விமானத்தைக் காட்டுவோம் என்று துடிக்கின்றன. எனக்கு இது ஒரு பெரிய ஆதங்கம்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னப் படத்தை முதலில் காட்டிக்கொடுப்பது படம் கிடையாது, ஒலிதான். எம்-1 கேரண்ட் துப்பாக்கியில் எட்டுத் தோட்டாவும் தீர்ந்ததும் உலோகக் கிளிப் துள்ளி வெளியே வந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும், போர்ப்பட ரசிகர்கள் காத்திருந்து கேட்கிற சத்தம் அது. எட்டாவது தோட்டாவுக்கு முன்னால் அது வந்தாலோ, பத்துத் தோட்டா சுட்டும் வராவிட்டாலோ உடனே பிடித்துவிடுவார்கள். வெற்றுத் தோட்டா போட்டு நிஜத் துப்பாக்கியில் சுடுவதற்குச் செலவும் அதிகம், பாதுகாப்பு ஏற்பாடும் அதிகம். அதனால் பல சிறு தயாரிப்புகளில் சில துப்பாக்கிகள் மட்டும் நிஜமாகச் சுடும், மற்றவை பொம்மை, அவற்றின் வாயில் தீப்பொறியை எடிட்டிங்கில் ஒட்டுவார்கள். ஒட்டிய தீப்பொறி பக்கத்திலிருக்கிற இலையிலும் முகத்திலும் வெளிச்சம் அடிக்காது. பகல் காட்சியில் தப்பிவிடும், இரவில் மாட்டிக்கொள்ளும். லிட்டிலின் குழு இந்த விஷயத்தில் கவனமானது என்றே சொல்வேன். உடுப்பையும் ஆயுதத்தையும் உயிராக நினைக்கிற ஆட்களையே நடிக்கக் கூட்டி வந்ததால் கிடைத்த லாபம் அது. துப்பாக்கியைத் தூக்குகிற விதத்திலேயே தெரிகிறது.

டாங்க் விஷயத்தில் சின்னப் படங்களைக் கிண்டல் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடக்கூடிய நிலையில் இருக்கிற ஜெர்மன் டைகர் டாங்க் உலகத்தில் ஒன்றோ இரண்டோதான். கோடிக்கணக்கில் செலவழித்த ஹாலிவுட் படங்களே சோவியத்தின் டி-34க்கு மேல்சட்டை மாட்டி டைகர் என்று காட்டியிருக்கின்றன. அதனால் அதை இவர்கள்மேல் மட்டும் ஏற்ற வேண்டாம்.

படம் எங்கே சறுக்குகிறது என்றால், என் பார்வையில், எதிரியிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும். தெற்கு பிரான்சில் அப்போது இருந்த ஜெர்மன் 19ஆவது படையில் முழுக்க ஜெர்மானியர்கள் கிடையாது. சோவியத் போர்க்கைதிகளிலிருந்து சேர்த்துக்கொண்ட ‘ஓஸ்ட்’ பட்டாலியன்கள், வயதானவர்கள், ரஷ்ய முனையில் அடிபட்டுத் தேறியவர்கள் என்று கலவையாக இருந்தது. நல்ல பிரிவுகளை ஏற்கெனவே நார்மண்டி விழுங்கியிருந்தது. ஒரு ஓஸ்ட் வீரனும் ஓர் அமெரிக்கனும் இருவருக்கும் சொந்தமில்லாத நாட்டில், இருவருக்கும் தெரியாத காட்டில் எதிரெதிரே வந்து நிற்பது எவ்வளவு பெரிய நாடகம்! சின்னப் படத்துக்கு ஏற்ற நாடகமும்கூட, இரண்டு நடிகர்கள் போதும். படம் அதைத் தொடவில்லை. அதற்குப் பதில் நமக்குப் பழகிய வகையில், மனசாட்சி உள்ள ஒரு ஜெர்மன் அதிகாரியை வைத்து எதிரியும் மனிதன்தான் என்று காட்டப் பார்க்கிறது. நோக்கம் நல்லது, நடிப்பும் மோசமில்லை, ஆனால் வசனம் அதிகம். போர் நடுவில் இரண்டு பேர் தங்கள் நம்பிக்கைகளை முழு வாக்கியங்களில் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தவர்களைப் பொறுத்தவரை, படத்தில் அவர்கள் காப்பாற்றப்பட வேண்டியவர்களாக வருகிறார்கள். அன்று காலை நடந்தது பெரும்பாலும் தலைகீழ். வழி தெரியாமல் நின்ற பாராசூட் வீரர்களுக்கு இது இந்த ஊர், ஜெர்மானியர் அந்தப் பக்கம் என்று சொன்னவர்களும், ஆட்டுப்பாதை வழியாகக் கூட்டிப்போனவர்களும், காயம்பட்டவனை வீட்டில் கிடத்தியவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். வரைபடத்துக்கு வெளியே விழுந்துவிட்டவனுக்கு அவர்கள்தான் வரைபடம்.

கெட்ட வார்த்தையே பேசாத வீரர்கள் என்று இன்னொரு குறை சொல்வார்கள். முதல் படத்தைத் தணிக்கைக் குழு முதலில் பெரியவர்களுக்கான பிரிவில் வைக்க, சண்டைக் காட்சியை வெட்டி, பதின்வயதினரும் பார்க்கலாம் என்கிற பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களைக் குறிவைத்தே இந்த வரிசையை எடுத்தார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. ரத்தம் குறைவாக இருப்பதால் சாவின் கனம் குறைந்துவிடவில்லை.

ஒன்றைக் கேட்கலாம். இத்தனை பிரிவுகள் இருக்க, ஏன் 517? புகழ் எல்லாம் 101, 82 என்கிற இரண்டு டிவிஷன்களுக்குப் போய்விட்டது. அவர்களுக்குத் தோளில் குத்திக்கொள்ள ஒரு பெரிய சின்னம் இருந்தது, தங்கள் கதையைச் சொல்ல ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். 517, 509, 551 போன்றவை அந்தச் சமயத்தில் எந்த டிவிஷனுக்கும் சொந்தமில்லாத தனிக்கட்டைகள். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே கொண்டுபோய்ச் செருகினார்கள். 517 குதித்த அன்றே லேஸார்க் என்கிற ஊரில், 1ஆவது பட்டாலியன் தளபதி வில்லியம் பாயில் கையில் கிடைத்த சுமார் 50 பேரோடு, பல மடங்கு அதிகமான ஜெர்மானியர்களைத் தடுத்து நிறுத்தினார். அந்த டிசம்பரில் ஆர்டென்ஸ் சண்டைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அந்த ரெஜிமென்டின் மெல்வின் பிடில் என்கிற வீரருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. 509உம் 551உம் ஆர்டென்ஸில் ஏறக்குறைய அழிந்தே போயின, 1945 தொடக்கத்தில் இரண்டையும் கலைத்து, மிஞ்சியவர்களை வேறு பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். கலைந்துபோன பிரிவின் கதையைச் சொல்ல ஆள் ஏது? பெரிய தயாரிப்பாளர்கள் கண்ணில் படாத அந்த மூலையில்தான் சின்னப் படத்துக்காரர் போய் நின்றார். அதற்காகவே அவருக்கு என் மரியாதை உண்டு.

அந்த மூலையில் இன்னும் கதைகள் கிடக்கின்றன. அதே ஆகஸ்ட் 15 காலையில் 509ஐச் சேர்ந்த ஆட்களும் கூடவே வந்த பீரங்கிப் பிரிவினரும் வழி தவறி செயின்ட் த்ரோப்பே தீபகற்பத்தின்மேல் இறக்கப்பட்டார்கள். ஒரு விமானத்திலிருந்து குதித்தவர்கள் கடலிலேயே விழுந்து மூழ்கிப்போனார்கள். மற்றவர்கள் விடிந்ததும் உள்ளூர் எதிர்ப்பு இயக்கத்தவர்களோடு சேர்ந்து, திட்டத்திலேயே இல்லாத அந்தத் துறைமுக ஊருக்குள் நுழைந்து, கடற்கரையில் இறங்கிய படை அங்கே வந்து சேர்வதற்குள் ஊரின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள். இதை எடுக்க ஒரு பழைய கற்தெரு, ஒரு படகுத்துறை, விடியற்கால வெளிச்சம், இருபது நடிகர்கள், பிரெஞ்சு பேசத் தெரிந்த ஐந்தாறு பேர் போதும். விமானத்தைக் காட்டவே வேண்டாம், சத்தம் மட்டும் மேலே போகட்டும். அடுத்து யாராவது சின்ன பட்ஜெட்டில் பாராசூட் படம் எடுக்க நினைத்தால், இதை எடுக்கட்டும்.